நாணலுக்குள் போகாமல் பருந்துக் கூட்டைப் பார்ப்பது

சேற்றுப் பூனைப்பருந்து இந்தியாவுக்குக் குளிர்காலத்தில் மட்டும் வந்து போகும் விருந்தாளி. நாணலும் சம்பும் வளர்ந்த ஏரிகளில் அது தாழப் பறந்து இரை தேடுவதைப் பறவை பார்ப்பவர்கள் பலரும் கண்டிருப்பார்கள். ஆனால் அது குஞ்சு வளர்ப்பதை இங்கே காண முடியாது. கூடு கட்டுவதெல்லாம் வடக்கே, ஐரோப்பாவிலும் நடு ஆசியாவிலும் உள்ள நாணல் சதுப்புகளில்தான். வேலை நிமித்தமாக அப்படிப்பட்ட ஒரு நாட்டில் இளவேனில் தொடங்கிக் கோடை முடியும்வரை தங்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அந்தப் பருவத்தில் நான் பார்த்தவை என்றும் மறக்காது. ஆனால் அதற்கு முன்பாகவே ஒரு மாதச் சம்பளத்தில் பாதி ஏமாற்றத்தில் போனது, புதிய டெலஸ்கோப் சேற்றில் போனது, நான்கூடப் போயிருப்பேன். நாலு வார்த்தை முன்கூட்டிச் சொல்ல யாருமில்லை. அந்த நாலு வார்த்தையை இப்போது கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் பணம் போன கதை. பருந்துக் கூட்டுக்கு மிக அருகே மறைவிடத்தில் உட்காரவைத்துப் படம் எடுக்கச் செய்வதாக ஒரு சுற்றுலா அமைப்பாளர் விளம்பரம் செய்திருந்தார். முழுத் தொகையையும் முன்பணமாகக் கேட்டார், கொடுத்தேன். விடியற்காலையில் வழிகாட்டி என்னை அழைத்துப்போனது நாணலை வெட்டி உண்டாக்கிய ஒரு புதிய தடத்தின் வழியாக. தடத்தின் முடிவில் ஒரு துணிக்கூடாரம். அதிலிருந்து பதினைந்து, இருபது அடி தள்ளிக் கூடு. நாங்கள் நெருங்கியதுமே பெண் பறவை எழுந்து தலைக்கு மேல் வட்டமிட ஆரம்பித்தது. விட்டுவிட்டு ஒலிக்கும் கூர்மையான எச்சரிக்கைக் குரல். கூடாரத்துக்குள் போய் ஜிப்பை இழுத்து மூடிய பிறகும் அது இறங்கவில்லை. சற்று நேரத்தில் ஆண் பறவை காலில் எதையோ தொங்கவிட்டுக்கொண்டு வந்தது, இரண்டு சுற்று சுற்றியது, இரையோடு அப்படியே திரும்பிப் போய்விட்டது. வழிகாட்டி கிசுகிசுத்தார்: "பழகிவிடும், பொறுங்கள்." கூட்டில் முட்டைகள் இருந்தன. குளிர்ந்த காற்று வீசிக்கொண்டிருந்தது. தாய் வெளியே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் அவற்றின் சூடு இறங்கும் என்பதற்குப் பறவையியல் படித்திருக்க வேண்டியதில்லை. நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, பறவையைத்தான் பார்த்துவிட்டீர்களே என்றார்கள். அந்தப் பதில் பணத்தைவிட அதிகமாக எரிச்சலூட்டியது. பின்னாளில் தொலைவிலிருந்த கரையில் நின்று அந்தப் பக்கத்தைப் பலமுறை பார்த்தேன். அங்கிருந்து பருந்து எழவே இல்லை. என்ன ஆனது என்று என்னால் சாட்சி சொல்ல முடியாது. ஆனால் நாணலில் வெட்டிய தடம் நரிக்கும் தடம்தான்.

ஆகவே யாரிடமாவது பணம் கட்டும் முன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: கூட்டிலிருந்து எவ்வளவு தூரத்தில் உட்காரவைப்பீர்கள்? "மிக அருகில்" என்று பெருமையாகப் பதில் வந்தால் அந்த ஆளை விட்டுவிடுங்கள். நல்ல வழிகாட்டிகள் தூரத்தைச் சொல்லித்தான் பெருமைப்படுவார்கள். டெலஸ்கோப் தருவார்கள், கூடு எந்தப் பக்கம் என்பதைக்கூட மழுப்பலாகவே சொல்வார்கள். அனுமதிச் சீட்டைக் காட்டச் சொல்லுங்கள். பல நாடுகளில் கூட்டருகே போவதே குற்றம். பிரிட்டனில் 1981ஆம் ஆண்டு வனவுயிர்ச் சட்டப்படி, இந்தப் பருந்து கூட்டில் இருக்கும்போது தெரிந்தே தொந்தரவு செய்தால் தண்டனை உண்டு. அந்தச் சட்டம் சும்மா வரவில்லை. சதுப்புகளை வடித்து நிலமாக்கியதும், சுட்டுக் கொன்றதும், டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகளும் சேர்ந்து 1971இல் அந்த நாட்டில் கூடு கட்டிய சேற்றுப் பூனைப்பருந்துகளை ஒரே ஒரு ஜோடியாகக் குறைத்திருந்தன. சஃபோக் பகுதியில் மின்ஸ்மியர் என்ற சதுப்பில் அந்தக் கடைசி ஜோடி இருந்தது. இன்று நூற்றுக்கணக்கில் திரும்பியிருக்கின்றன.

அடுத்தது சேறு. ஏமாற்றுக்குப் பிறகு நானாகவே பார்ப்பது என்று முடிவுசெய்து, சதுப்பை ஒட்டிய ஒரு மண்கரையைத் தேர்ந்தெடுத்தேன். கரைக்குப் போகும் பொதுப் பாதையில் சில இடங்களில் பலகை போட்டிருந்தார்கள். இரவு மேலே எங்கோ பெய்த மழையில் நீர் ஏறிப் பலகைகளில் ஒன்று நகர்ந்திருக்கிறது. மேலே சருகும் பாசியும் மூடியிருந்ததால் தரைபோலவே தெரிந்தது. வைத்த கால் தொடைவரை இறங்கியது. மற்றக் காலை ஊன்றி இழுத்தேன், அதுவும் இறங்கியது. சதுப்புச் சேற்றின் குணம் இதுதான்: காலை வேகமாக இழுத்தால் அடியில் காற்றுப் புக வழியில்லாமல் சேறு உறிஞ்சிப் பிடிக்கும், இன்னும் ஆழமாக இழுக்கும். முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் உள்ளே நீர் நிரம்பி இரண்டு கல் கட்டியதுபோல் கனத்தது. கத்தினேன். பதில் சொன்னவை நாமக்கோழிகள் மட்டும்.

வெளியே வந்த விதத்தைச் சொல்கிறேன், யாருக்காவது உதவும். முதுகுப் பையைக் கழற்றிப் பின்னால் சேற்றின் மேல் போட்டேன். டெலஸ்கோப்பின் முக்காலியை மடக்கிக் குறுக்காக வைத்தேன். நிமிர்ந்து நிற்பதை விட்டு, பையின் மேல் மல்லாக்கச் சாய்ந்து உடல் எடையைப் பரப்பினேன். பிறகு ஒரு காலை மட்டும் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து, சுற்றிலும் நீர் இறங்க இடம் கொடுத்து, விரல்கடை விரல்கடையாக உயர்த்தினேன். பூட்ஸ் அங்கேயே தங்கிவிட்டது, கால் வந்தது. அதுவே போதும். இரண்டாவது காலும் வந்ததும் எழுந்திருக்காமல் பக்கவாட்டில் உருண்டு நாணல் தூர்களைப் பிடித்தேன். நாணல் அடர்ந்த இடத்தில் வேர்கள் பின்னிக் கிடப்பதால் வெற்றுச் சேற்றைவிட அங்கே பிடிமானம் அதிகம். எல்லாம் முடிந்து கரையில் உட்கார்ந்தபோது கைகள் நடுங்குவது நிற்கவில்லை. அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். முக்காலி மீண்டது. டெலஸ்கோப்புக்குள் சேற்றுநீர் புகுந்து கண்ணாடிகளுக்கு நடுவே படலமாகக் காய்ந்துவிட்டது. பழுதுபார்க்கக் கேட்ட தொகைக்குப் புதிதாகவே ஒன்று வாங்கலாம். பயணக் காப்பீட்டில் அதற்கு இடமில்லை என்று பதில் வந்தது. விலை உயர்ந்த கருவி கொண்டுபோகிறவர்கள் காப்பீட்டுப் பத்திரத்தில் கருவி என்ற வார்த்தை எங்கே இருக்கிறது என்று கிளம்பும் முன்பே தேடிப் பாருங்கள்.

அன்று முதல் நீளமான ஒரு கழி இல்லாமல் நான் சதுப்பில் கால் வைப்பதில்லை. ஒவ்வோர் அடிக்கும் முன் குத்திப் பார்ப்பேன். நேற்று நடந்த பாதை என்பதால் இன்றைக்கு விலக்குக் கிடையாது. போனை நீர் புகாத உறையில் கழுத்தில் தொங்கவிட்டுக்கொள்கிறேன், பையில் வைப்பதில்லை. சேற்றில் மாட்டியவனுக்குப் பையின் ஜிப் எட்டாது. எந்தக் கரை, எத்தனை மணிக்குத் திரும்புவேன் என்று தங்குமிடத்தில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போவதற்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. கழுத்தில் ஒரு விசில், சாதாரண விசில். தொண்டை கட்டிய பிறகும் அது ஊதும்.

இனி பருந்துகளைப் பற்றி. நாணல் காட்டின் நடுவே, நீருக்குச் சற்று மேலே, காய்ந்த தண்டுகளைக் குவித்துக் கட்டிய கூட்டைக் கரையிலிருந்து பார்க்கவே முடியாது. பார்க்கத் தேவையும் இல்லை. பெற்றோரின் போக்குவரத்தைப் பார்த்தாலே கூட்டுக்குள் நடப்பது அத்தனையும் தெரிந்துவிடும். அடைகாப்பது பெண், ஏறத்தாழ ஐந்து வாரம். அந்த நாட்களில் அது கண்ணில் படுவது அபூர்வம். உணவு கொண்டுவருவது ஆண். ஆனால் ஆண் கூட்டில் இறங்குவது குறைவு. வானத்திலேயே இரையைக் கைமாற்றிவிட்டுப் போய்விடும். நான் கரையில் உட்கார்ந்த காலமெல்லாம் காத்திருந்தது அந்த மூன்று நொடிகளுக்காகத்தான்.

தொலைவில் ஒரு புள்ளி வரும். சிறகுகளை மேல்நோக்கி லேசாக மடித்துத் தூக்கிய தோற்றம் முதலில் தெரியும், பிறகு சாம்பல் நிறச் சிறகும் கறுப்பு நுனியும். ஒரு கால் மட்டும் கீழே தொங்கினால் அதில் இரை இருக்கிறது. காட்டெலியாக இருந்தால் வாலும் தெரியும். ஆண் மெல்லிய குரலில் ஒரு தடவை அழைக்கும். எங்கே எழப்போகிறதோ என்று நான் தேடிக்கொண்டிருக்கும்போதே, முற்றிலும் எதிர்பாராத ஓரிடத்தில் நாணல் விலகிப் பெண் மேலே வரும். உடல் முழுக்கக் கரும்பழுப்பு, உச்சந்தலையிலும் தொண்டையிலும் பாலேடு நிறம். அது ஆணுக்குக் கீழே, சற்றுப் பின்னால் வந்து சேரும். ஆண் காலைத் திறக்கும். இரை விழத் தொடங்கிய கணத்தில் பெண் காற்றிலேயே மல்லாந்து, இரண்டு கால்களையும் வானத்தை நோக்கி நீட்டிப் பிடிக்கும். மஞ்சள் கால்கள் முழு நீளத்துக்கு விரிவதைப் பைனாகுலரில் பார்த்தபோது என்னையறியாமல் சத்தம் போட்டிருக்கிறேன். படம் கேட்காதீர்கள். என்னிடம் இருப்பதெல்லாம் வெறும் வானமும் ஒரு சிறகின் ஓரமும்தான்.

இரையை வாங்கியதும் பெண் பெரும்பாலும் நேராகக் கூட்டுக்குப் போவதில்லை. ஒரு பட்டுப்போன மரத்திலோ கம்பத்திலோ உட்கார்ந்து சுற்றுமுற்றும் பார்க்கும், கொஞ்சம் பிய்க்கும், அப்புறம் சட்டென்று நாணலுக்குள் விழும். மீண்டும் மீண்டும் ஒரே இடத்தில் விழுந்தால் கூடு அங்கே. எனக்குப் பயன்பட்ட குறிப்பு: பெண் இரையோடு கம்பத்தில் உட்கார்ந்துகொண்டு இறங்காமலே இருந்தால், அல்லது ஆண் இரையைக் காலில் வைத்துக்கொண்டே சுற்றினால், நாம்தான் தடை. உடனே பின்வாங்க வேண்டும், பறவை இறங்கும்வரை. அது இறங்கும் தூரமே சரியான தூரம். கைபேசியில் படம் எடுத்தால் இடக்குறிப்பை நிறுத்திவிடுங்கள். கூட்டின் இடத்தை நண்பரிடம் சொன்னாலும் அவருக்கும் நண்பர்கள் இருப்பார்கள்.

இரை கைமாறும் இடைவெளியைக் குறித்துவைத்தால் போதும், குஞ்சு பொரித்த நாளைக்கூட ஊகிக்கலாம். அடைகாக்கும்போது மணிக்கணக்கில் ஒன்றும் நடக்காது. திடீரென ஆண் அடிக்கடி வர ஆரம்பிக்கும். இரையும் சிறிதாக இருக்கும். சில வாரம் கழித்துப் பெண்ணும் வேட்டைக்குக் கிளம்பும், இரையை நேராகக் கூட்டில் போட்டுவிட்டுத் திரும்பும். அப்போது குஞ்சுகள் தாமாகவே கிழித்துத் தின்னும் அளவுக்கு வளர்ந்துவிட்டன என்று பொருள். இன்னொன்று: ஒரே ஆண் வெவ்வேறு இரண்டு இடங்களில் இரை கொடுத்தால் குழம்ப வேண்டாம். இந்த இனத்தில் ஓர் ஆணுக்கு இரண்டு பெண்கள் இருப்பது உண்டு. அப்போது இரண்டாவது கூட்டுக்கு வரும் பங்கு பெரும்பாலும் குறைவு. நிறத்தை மட்டும் நம்பி ஆண், பெண் என்று குறிப்பெழுதுவதும் ஆபத்து. மேற்குப் பிரான்சில் ஆய்வு செய்த ஒரு கூட்டத்தில் ஏறத்தாழ 40 சதவீத ஆண்கள் வாழ்நாள் முழுக்கப் பெண்ணின் நிறத்திலேயே இருந்தன. மற்ற ஆண்களின் சண்டையைத் தவிர்க்க அந்த வேடம் உதவுகிறதாம். உடல் பருமனையும் நடத்தையையும் சேர்த்துத்தான் முடிவுக்கு வர வேண்டும், பெண் பெரியது.

வேட்டையைப் பார்க்க நினைப்பவர்களுக்குப் பொறுமை இன்னும் அதிகம் வேண்டும். நாணல் நுனிக்குச் சற்று மேலே, காற்றை எதிர்த்து, தலையைக் குனிந்தபடி மெல்லப் பறக்கும். ஆந்தைக்கு இருப்பதுபோல முகத்தைச் சுற்றி வட்டமான இறகமைப்பு இருப்பதால் புல்லுக்குள் நகரும் எலியின் ஓசையையும் கேட்டுப் பிடிக்கும். திடீரென வாலை விரித்து நின்று, கால்களைத் தொங்கவிட்டு விழும். பெரும்பாலும் வெறுங்காலோடுதான் எழும். நாமக்கோழிக் குஞ்சுகளிடம் அதன் தந்திரம் வேறு. மேலேயே நின்றுகொண்டு குஞ்சை மீண்டும் மீண்டும் மூழ்கச் செய்யும், களைத்து மேலே வரும் தருணத்துக்காக. தாய்க்கோழிகள் ஒன்றுகூடி நீரைச் சிதறடித்து எதிர்ப்பதையும் பார்த்தேன். யார் பக்கம் நிற்பது என்று தெரியாமல் தவித்தேன். பருந்தின் குஞ்சுகளுக்கும் பசிக்குமே.

முதன்முதலாக இரைகொல்லிப் பறவைகளின் குடும்பத்தைப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்வது, இந்தப் பருந்தில் தொடங்காதீர்கள், மீன் பிடித்துத் தின்னும் விராலடிப்பானில் தொடங்குங்கள். அதன் கூடு பட்டமரத்தின் உச்சியிலோ மனிதர்கள் கட்டிக்கொடுத்த மேடையிலோ பெரிய சுள்ளிக் குவியலாக இருக்கும். வெகு தொலைவிலிருந்தே டெலஸ்கோப்பில் குஞ்சின் தலை தெரியும். வேட்டையும் திறந்த நீரில் நடக்கும். உயரத்தில் நின்று நிதானித்து, கடைசி நொடியில் கால்களை முகத்துக்கு முன்னால் நீட்டி விழுந்து, சில சமயம் முழு உடலும் மூழ்கி எழும். மேலே வந்ததும் பறந்தபடியே உடலை உலுக்கி நீரை உதறும். வழுக்கும் மீனைப் பிடிக்க உள்ளங்காலில் முள் போன்ற செதில்கள்; வெளிவிரலைப் பின்னால் திருப்பி இரண்டுக்கு இரண்டாகக் கவ்வும். மீனின் தலையை முன்பக்கமாகத் திருப்பிக்கொண்டுதான் கிளம்பும், காற்றின் தடை குறைய. பிரிட்டனில் கூடு கட்டுவதையே நிறுத்திவிட்டிருந்த இந்தப் பறவை 1954இல் ஸ்காட்லாந்தின் லாக் கார்ட்டன் ஏரிக்குத் திரும்பியது. 1958இல் முட்டைகளைத் திருடிவிட்டார்கள். அடுத்த ஆண்டு காவலர்கள் கூட்டை ஒளித்துவைக்கவில்லை. தொலைவில் ஒரு பார்வைக்குடில் அமைத்துப் பொதுமக்களை வரவழைத்தார்கள். ஆயிரக்கணக்கான கண்கள் காவல் காத்தன, குஞ்சுகளும் பறந்தன. என்னிடம் பணம் வாங்கிய அமைப்பாளருக்கு அந்த ஏரியைப் பற்றி யாராவது சொன்னால் நல்லது.

நான் கரையிலிருந்து கவனித்துவந்த பருந்து ஜோடிக்குத் திரும்புகிறேன். குஞ்சுகள் பொரித்த அறிகுறி தெரிந்த சில நாட்களில் மழை விடாமல் பிடித்துக்கொண்டது. விடாத மழையில் ஆண் வேட்டையாடுவது கடினம். பெண் குஞ்சுகளை மூடி உட்கார்ந்திருக்கும். எழுந்தால் அவை நனைந்து விறைக்கும். நீர்மட்டம் வேறு உயர்ந்தது. தரையோடு கட்டும் கூட்டுக்கு நீர் ஏறினாலும் ஆபத்து, வற்றினாலும் ஆபத்து. வற்றினால் நரி நடந்தே வந்துவிடும். ஓட்டலில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்த அந்த நாட்கள்தான் எனக்கு மிகவும் கொடுமையானவை, சேற்றில் கிடந்ததைவிடவும். உதவி செய்ய ஒன்றும் இல்லை; போய்ப் பார்த்தாலே கெடுதல். மழை விட்டதும் கரைக்கு ஓடினேன். மத்தியானம்வரை ஒன்றுமில்லை. அப்புறம் ஆண் வந்தது, கால் தொங்கியது, பெண் எழுந்தது.

முட்டைகள் ஒரே நாளில் பொரிவதில்லை. பெண் முதல் முட்டைகளிலிருந்தே அடைகாக்கத் தொடங்குவதால் மூத்ததற்கும் கடைசிக்கும் வளர்ச்சியில் பெரிய இடைவெளி இருக்கும். உணவு குறைந்தால் கடைசிக் குஞ்சு பிழைப்பது கடினம். வழக்கமாக நான்கு, ஐந்து முட்டை இடும் இனம்; கோடை நடுவில் என் கண்முன் நாணலிலிருந்து எழுந்தவை இரண்டு. சாக்லெட் நிற உடல், தங்கநிறத் தலை. முதல் வாரத்தில் பறப்பதைவிட விழுவதே அதிகம். ஆண் இரையோடு வந்தால் இரண்டும் ஒன்றாகப் பாயும், ஒன்றோடொன்று மோதும், எலி நீரில் விழும், ஆண் திரும்பிப் பார்க்காமல் போய்விடும். பறக்கத் தொடங்கிய பிறகும் சில வாரங்களுக்குப் பெற்றோர்தான் ஊட்டுகிறார்கள். குறைந்த செலவில், யாரையும் தொந்தரவு செய்யாமல், மிக அதிகமாகப் பார்க்கக் கிடைப்பது இந்தச் சில வாரங்களில்தான். ஒரு வாரம் மட்டுமே விடுப்பு கிடைக்கும் என்றால் முட்டைக் காலத்தில் வீணாக்காமல் இந்த நேரத்தில் போங்கள்.

கருவிகளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு: இந்த இரண்டு குஞ்சுகளையும் நான் பார்த்தது எட்டு மடங்கு பெரிதாக்கும் பழைய 8x42 பைனாகுலரில். பெரிய உருப்பெருக்கம் உள்ள டெலஸ்கோப், வெயில் ஏறிய பிறகு நீர்ப்பரப்பின் கானலைத்தான் பெரிதாக்கிக் காட்டும். காலையிலும் சாயங்காலத்திலும்தான் அதற்கு வேலை. கரையிலிருந்து திரும்பியதும் சட்டை, காலுறை, முழங்கால் மடிப்பு, அக்குள் எல்லாவற்றிலும் உண்ணி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால் நுனி கூர்மையான இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். எண்ணெய், நெருப்பு எதுவும் வேண்டாம். கடித்த இடத்தைச் சுற்றி, பல நாட்களுக்குப் பிறகானாலும், சிவப்பு வளையம் பரவினால் மருத்துவரிடம் போய்ச் சதுப்பில் அலைந்ததை முதல் வாக்கியமாகவே சொல்லிவிடுங்கள்.